காயலான் கடையில் பிறந்த எதிர்காலம்

1977இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் முதியவர் ஓபி-வான் கெனோபி வைத்திருக்கும் ஒளிவாளின் கைப்பிடியைப் பிரித்துப் போட்டால் என்னென்ன கிடைக்கும்? முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் துப்பாக்கிக் குழலில் செருகி ஏவிய எறிகுண்டு ஒன்றின் கூடு. ரோல்ஸ் ராய்ஸ் டெர்வென்ட் என்ற பழைய ஜெட் எஞ்சினின் சிறு இணைப்புக் குழாய். இரண்டாம் உலகப் போர் விமானங்களில் பொருத்தியிருந்த பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கியின் முனைப்பாகம். அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் ஃபிளாஷ் கைப்பிடியிலிருந்து கழற்றிய கவ்வி. கடைசியாக, ஆர்மிடேஜ் ஷாங்க்ஸ் நிறுவனத்தின் குளியலறைக் குழாய்த் திருகு. இந்தப் பட்டியல் படக்குழு தந்ததன்று. அந்தக் கைப்பிடியை அப்படியே செய்து கையில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டவர்கள், பல ஆண்டுகள் படச்சட்டங்களையும் நிழற்படங்களையும் உற்றுப் பார்த்து, துண்டு துண்டாக அடையாளம் கண்டது. திரையில் வரும் கற்பனைப் பொருளைச் சிறு செலவில், திரையில் இருப்பது போலவே செய்து பார்க்கும் இந்த வேலையைப் பற்றிப் பொதுவாகச் சொல்வது ஒன்றுண்டு: மூலம் கோடிகளில் செய்தது, நகல் கைக்காசில் செய்தது, ஆகவே நகல் எப்போதும் ஏழையின் சமாதானம்தான் என்பார்கள். வரலாறு காட்டுவது இதற்கு நேர் எதிரானது. சிக்கனம் மூலத்தின் குணம். துல்லியம்தான் நகலெடுத்தவர்கள் பிறகு கொண்டுவந்து சேர்த்தது.

படத்தின் மொத்தச் செலவு ஏறத்தாழ 1.1 கோடி டாலர். கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் விண்கலங்கள், பாலைவனக் குடியிருப்பு, மதுக்கடை, போர்க்கோள் என்று எத்தனையோ இடங்களைப் பொருளால் நிரப்ப வேண்டிய படத்துக்கு அது போதாது. 1976இல் லண்டனுக்கு அருகேயுள்ள எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் அரங்கப் பொருட்களுக்குப் பொறுப்பேற்ற ரோஜர் கிறிஸ்டியன், எல்லாவற்றையும் புதிதாக வடிவமைத்துச் செய்ய வழியில்லை என்று கண்டு பழைய விமானப் பாகங்களை வாங்கினார். உடைத்த விமானங்களின் உள்ளுறுப்புகள் அப்போது எடைக்குத்தான் விலைபோயின. நம் ஊரில் என்றால் காயலான் கடை. பிரிட்டனில் அந்தக் காலத்தில் இந்தச் சரக்கு மலிந்து கிடந்ததற்குக் காரணமுண்டு. 1944இல் படையில் சேர்ந்த கிளாஸ்டர் மீட்டியார்தான் அந்நாட்டின் முதல் போர் ஜெட்; அடுத்தடுத்து வந்த அதன் வகைகளில் டெர்வென்ட் எஞ்சின் ஓடியது. 1950களின் இறுதியில் மீட்டியார் முன்வரிசையிலிருந்து விலகியது. போருக்காக ஆயிரக்கணக்கில் செய்து குவித்த நாடு, போர் முடிந்து முப்பது ஆண்டுகள் கழித்தும் அதன் மிச்சத்தை உடைத்து விற்றுக்கொண்டிருந்தது. மதுக்கடைக் காட்சியில் பானம் ஊற்றும் கருவியாக நிற்பவை அந்த ஜெட் எஞ்சினின் எரிகலன்கள். 1980இல் வந்த இரண்டாம் படத்தில் அதே வகைக் கலன் ஐஜி-88 என்ற கொலைகார எந்திரத்தின் தலையாயிற்று. தூக்கியெறிய மனமில்லாத இந்தக் குணத்தை எந்த வடிவமைப்புக் கொள்கையோடும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. அழுக்குப் படிந்த, பழகிப்போன எதிர்காலம் வேண்டும் என்று இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் விரும்பியது உண்மை. ஆனால் அந்த விருப்பமும் கையிலிருந்த காசும் ஒரே திசையில் இழுத்தது அவருக்கு வாய்த்த நல்லகாலம்.

படத்தின் நாயகன் லூக் ஸ்கைவாக்கரின் ஒளிவாளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் இருந்த கிராஃபிளெக்ஸ் நிறுவனம் ‘ஸ்பீட் கிராஃபிக்’ என்ற பெரிய கேமராவைச் செய்தது. 1930களிலிருந்து 50கள் வரை அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்றாலே கையில் அதுதான். அதன் பக்கவாட்டில் பொருத்தும் ஃபிளாஷுக்கு டார்ச் லைட்டில் போடும் பெரிய பேட்டரி மூன்றைக் கொள்ளும் பளபளப்பான உலோகக் குழல் ஒன்று கைப்பிடியாக இருந்தது. ஒருமுறை எரிந்து கருகும் பல்புகளின் இடத்தை மின்னணு ஃபிளாஷ் பிடித்தது. சின்ன 35 மி.மீ. கேமரா பெரிய கேமராவை விரட்டியது. கிராஃபிளெக்ஸ் 1973இல் மூடப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து லண்டன் புகைப்படக் கடையொன்றில் கிறிஸ்டியன் கண்டெடுத்தது, ஆக, யாருக்கும் தேவைப்படாமல் பெட்டியில் கிடந்த சரக்கு. அவர் அதன் அடிப்பகுதியில் கறுப்பு நிற டி வடிவப் பட்டைகளை நறுக்கி ஒட்டினார். கவ்வியின் இடைவெளியில் அந்நாளைய கால்குலேட்டரின் உருப்பெருக்கிப் பட்டையைச் செருகினார். 1970களின் கால்குலேட்டரில் ஒளிரும் எண்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. அவற்றைப் பெரிதாக்கிக் காட்ட ஒவ்வோர் எண்ணின் மீதும் குமிழ் போன்ற பிளாஸ்டிக் கண் ஒன்று இருக்கும். கீழே இடுப்பில் மாட்ட ஒரு வளையம். அவ்வளவுதான். ஏற்கெனவே காலாவதியான ஒரு தொழில்நுட்பமும், சில ஆண்டுகளில் காலாவதியாகப் போகும் இன்னொன்றும் பசையால் ஒட்டிக்கொண்டு இந்தக் கதையின் மிகப் புகழ்பெற்ற ஆயுதமாயின. வில்லன் டார்த் வேடரின் வாளும் ஃபிளாஷ் கைப்பிடிதான், பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்று செய்தது. ஹான் சோலோவின் துப்பாக்கி 1896ஆம் ஆண்டு மாதிரி ஜெர்மானிய மௌசர். வெண்கவசச் சிப்பாய்களின் கையிலிருப்பது அப்போதும் பிரிட்டிஷ் இராணுவம் பயன்படுத்திய ஸ்டெர்லிங்.

ஒரு படத்தை வைத்துக்கொண்டு பொதுவிதி சொல்லலாமா என்று கேட்கலாம். பத்தாண்டு பின்னால் போனாலும் இதே கதைதான். 1966இல் ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் முதலில் ஒளிபரப்பான கதையில் உப்புக்காக அலையும் ஒரு பிராணி வரும். அதற்காக எதிர்காலத்தன்மை கொண்ட உப்புக்குப்பிகளைத் தேடி வாங்கினார்கள். வாங்கி வந்த டேனிஷ் பாணிக் குப்பிகளோ, பார்ப்பவர்களுக்கு உப்புக்குப்பி என்றே விளங்காத அளவுக்கு விசித்திரமாக இருந்தன. சாதாரணக் குப்பி உப்புக்கு வந்தது. விசித்திரக் குப்பிகள் மருத்துவர் மெக்காயின் அறுவைக் கருவிகளாயின. அதே தொடரின் கைப்பேசி போன்ற தொடர்புக் கருவியைச் செய்தவர் வா சாங் என்ற கைதேர்ந்த கலைஞர். அவர் தொழிற்சங்க உறுப்பினர் அல்லர் என்பதால், அவரை வேலைக்கு வைத்துச் செய்யச் சொன்னதாகக் காட்டாமல், ஏற்கெனவே செய்து வைத்திருந்த சரக்கை விலைக்கு வாங்கியதாகக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. பிரிட்டனில் பிபிசியின் ‘டாக்டர் ஹூ’வில் 1963 டிசம்பர் 21 அன்று டாலெக் என்ற பயங்கர உயிர் முதன்முதலாகத் திரையில் காட்டியது தன் கையை மட்டும். அந்தக் கை, கழிவுத்தொட்டி அடைப்பெடுக்கும் ரப்பர் உறிஞ்சி. அதை வடிவமைத்த ரேமண்ட் கியூசிக் மாதச் சம்பளக்காரர். டாலெக் பொம்மைகள் கடைகளை நிறைத்தபோது உரிமைத்தொகை கதையாசிரியர் டெர்ரி நேஷனுக்குப் போயிற்று. உருவம் தந்தவருக்கு வந்தது பெயரளவுக்கு ஓர் அன்பளிப்பு.

எதிர்ப்பக்கத்தில் கனமான சாட்சி ஒன்றுண்டு. 1956இல் வந்த ‘ஃபார்பிடன் பிளானெட்’ படத்துக்காக எம்ஜிஎம் ஸ்டுடியோ செய்த ராபி என்ற ரோபோவுக்கு மட்டும் ஏறத்தாழ 1.25 லட்சம் டாலர் செலவானதாகச் சொல்லப்படுகிறது. 2017இல் அது 53.75 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இங்கே மூலத்தின் குணம் சிக்கனம் என்று சொல்ல முடியாது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் ராபி விதிவிலக்கு என்பதை ஸ்டுடியோவின் நடத்தையே காட்டுகிறது. அத்தனை செலவழித்ததை ஒரே படத்தோடு விட மனமில்லாமல், அடுத்தடுத்த படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் ராபியை வாடகைக் குதிரை போல ஓட்டினார்கள். நகலெடுப்பவர் கண்ணோட்டத்திலும் ராபி வேறு வகை. அதைச் செய்ய வரைபடமும் பட்டறையும் வேண்டும். கிராஃபிளெக்ஸ் வாளுக்கு வேண்டியது கண். எதிலிருந்து எது வந்தது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சிறு செலவில் திரைத்துல்லியம் என்ற ஆசை பிடித்துக்கொண்டது இந்த இரண்டாம் வகைப் பொருட்களைச் சுற்றித்தான் என்பதில் ஆச்சரியமில்லை.

சரி, துல்லியம் என்றால் எதற்கு நேரான துல்லியம்? மூலத்தைச் செய்தவர்களுக்கு அப்படியொரு கவலையே கிடையாது. விநாடிக்கு 24 சட்டங்களில் ஓடி மறையும் ஒன்றுக்கு, கேமரா நிற்கும் தூரத்தில் தேறினால் போதும். பின்பக்கம் எப்படியிருந்தால் என்ன? ஒரே பொருளை நெருக்கக் காட்சிக்கு ஒன்றும், சண்டைக்கு ஒன்றும், கீழே விழுந்து உருள ரப்பரில் ஒன்றுமாகச் செய்தார்கள். அவை ஒன்றுபோல் ஒன்று இல்லை. லூக்கின் வாளிலேயே முதல் படத்தில் இருந்த கால்குலேட்டர் குமிழ்ப்பட்டை இரண்டாம் படத்தில் போய், மின்சுற்றுப் பலகையின் இணைப்புத் துண்டு வந்துவிட்டது. நிறம் இன்னும் மோசம். ‘ஸ்டார் டிரெக்’ கேப்டனின் பொன்னிறச் சட்டை நேரில் பச்சை கலந்தது. விளக்கொளியும் பிலிமும் சேர்ந்து அதைப் பொன்னாக்கின. ‘டாக்டர் ஹூ’வின் கறுப்பு-வெள்ளைக் காலத்தில் வெள்ளையாகத் தெரிந்த கட்டுப்பாட்டு மேசைக்கு வெளிர்பச்சை அடித்திருந்தார்கள், வெள்ளை அடித்தால் கேமராவில் கூசும் என்பதால். கேப்டனின் சட்டையைப் பச்சையில் தைப்பவர் பொருளுக்கு உண்மையானவர். பொன்னிறத்தில் தைப்பவர் திரைக்கு உண்மையானவர். இருவரும் தாங்கள் செய்வதுதான் துல்லியம் என்பார்கள், இருவர் சொல்வதும் சரி. பாடபேதம் நிறைந்த சுவடிகளை வைத்துக்கொண்டு மூலபாடம் தேடும் பதிப்பாசிரியரின் சங்கடம் இது. மூலபாடம் என்று ஒன்று இருந்ததில்லை என்பது இங்கே கூடுதல் சங்கடம்.

இந்தத் தேடல் தொடங்கியது இணையம் பரவுவதற்கு வெகுகாலம் முன்பு. ‘ஸ்டார் டிரெக்’ படைப்பாளி ஜீன் ராடன்பெரியின் லிங்கன் எண்டர்பிரைசஸ், தொடரின் பிலிமை வெட்டித் துண்டு துண்டாகத் தபாலில் விற்றது. வீடியோ கேசட் வீட்டுக்கு வராத நாட்களில், ஓடுகிற படத்தை நிறுத்திப் பார்க்க அந்தத் துண்டுதான் வழி. விமானத் தொழிலில் வரைவாளராக இருந்த ஃபிரான்ஸ் ஜோசஃப், தம் மகளும் நண்பர்களும் செய்யும் நகல்கள் சரியில்லை என்று கண்டு, இத்தகைய ஆதாரங்களிலிருந்து அளவெடுத்து வரைந்த ‘ஸ்டார் ஃப்ளீட் டெக்னிக்கல் மேனுவல்’ 1975இல் புத்தகமாக வந்து பெரும் விற்பனை கண்டது. அவர் வரைந்தவை கோணல் இல்லாத, பொறியாளர் கை வரைபடங்கள். செட்டில் இருந்த பொருளோ பிசகும் சமச்சீரின்மையும் கொண்டது. இல்லாத துல்லியத்தை இருந்ததாக ஆக்கியதில் அந்தப் புத்தகத்துக்கு முக்கியப் பங்குண்டு. பிரிட்டனில் ‘ரேடியோ டைம்ஸ்’ 1973இல், ‘டாக்டர் ஹூ’வின் பத்தாம் ஆண்டுச் சிறப்பிதழில், வீட்டிலேயே டாலெக் செய்ய வரைபடம் தந்தது. ‘ஸ்டார் வார்ஸ்’ வந்ததும் உரிமம் பெற்று விற்பனைக்கு வந்த டார்த் வேடர் தலைக்கவசமோ திரையிலிருப்பதன் அளவையும் சாயலையும் சரியாகப் பிடிக்கவில்லை. அதிகாரபூர்வமானது துல்லியமானது அல்ல என்று நகலெடுப்பவர்கள் முதலில் கற்ற இடம் இதுதான். பிறகு கேசட், லேசர் டிஸ்க், டிவிடி என்று ஒவ்வொரு புதுக்கருவியும் ஒரு புது ஆவணக் காப்பகமாயிற்று. 1997இல் வாஷிங்டனின் விண்வெளி அருங்காட்சியகத்தில் ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களின் பொருட்களைக் கண்ணாடிக்குப் பின்னே வைத்தபோது, எந்தத் திருகாணி எந்தப் பக்கம் என்று பார்க்க வந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

இந்த முறை எவ்வளவு நம்பகமானது? சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு வந்தது. 1982இல் வெளியான ‘பிளேட் ரன்னர்’ படத்தில் ஹாரிசன் ஃபோர்டு ஏந்தும் துப்பாக்கி, ஆஸ்திரிய ஸ்டையர் ரைஃபிளின் பாகத்தை அமெரிக்கச் சார்ட்டர் ஆர்ம்ஸ் ரிவால்வரின் உடலோடு பொருத்திச் சின்ன விளக்குகளைப் பதித்தது. மூலத்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் யாரும் பொதுவில் பார்க்கவில்லை. அதற்குள் எத்தனையோ பேர், படக்காட்சிகளையும் கிடைத்த வார்ப்புகளையும் வைத்து அதைச் செய்துவிட்டார்கள். 2006இல் கலிபோர்னியாவின் அனாஹைமில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் மூலம் வெளியே வந்தது, 2009இல் 2.7 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. நெருக்கத்தில் எடுத்த படங்களைக் கொண்டு பழைய நகல்களின் சிறு பிழைகளைத் திருத்திக்கொள்ள முடிந்தது. ஆனால் எதிலிருந்து எது என்ற அடிப்படை அடையாளம் நிலைத்தது. கையில் தொட்டுப் பார்க்காமல், ஓடும் படத்தை மட்டும் வாசித்து எட்டிய முடிவு அது. இதை விளையாட்டு என்று தள்ளுபவர்கள், ஓர் ஓவியத்திலிருந்து பழங்கால ஆடையை மீட்கும் ஆய்வாளருக்கு வேறு என்ன முறை இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

கடினமான ஆட்சேபம் பணத்தைப் பற்றியது. மலிவு என்ற வாதத்தை இந்தத் தேடலே கொன்றுவிட்டதே என்று கேட்டால் மறுக்க முடியாது. பெட்டியில் தூங்கிய கிராஃபிளெக்ஸ் கைப்பிடிக்கு இன்று பல நூறு டாலர் கேட்கிறார்கள். ஒளிவாளுக்காகக் கைப்பிடியைப் பிடுங்கிவிட்டு மீதியை எறிகிறார்கள் என்று பழைய கேமரா சேகரிப்பவர்கள் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அடையாளம் கண்டவுடன் குப்பை அரும்பொருளாகிவிடுகிறது. அசல் பாகத்தை வாங்கி ஒட்டுபவர் பொருளைப் பெறுகிறார், ஆனால் மூலம் உண்டான வழியை இழக்கிறார். 1976இல் அந்தக் குழலுக்கு இந்த விலை இருந்திருந்தால் கிறிஸ்டியன் அதைத் தொட்டே இருக்க மாட்டார். கைகழுவும் தொட்டிக்கு அடியில் வரும் குரோம் பூசிய குழாயை வெட்டி, பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, கறுப்பு மை தடவித் துடைத்துப் பழமையேற்றுபவர்தான் அந்தப் பட்டறையின் நேர் வாரிசு. அப்படியானால் எந்த அரைகுறை வேலையும் தன்னை வாரிசு என்று சொல்லிக்கொள்ளலாமா? முடியாது. மூலத்துக்கும் ஒரு தேர்வு இருந்தது: கேமரா நிற்கும் தூரத்திலிருந்து பார்த்தால் நம்ப வேண்டும். பிளாஸ்டிக் மேல் அடித்த வெள்ளி வண்ணம் உலோகம் போலத் தெரியாமல் பெயிண்ட் போலத் தெரிந்தால் அது தோற்றது. சிக்கனம் மன்னிப்பு அல்ல. அதற்கென்று கைத்திறன் வேண்டும், பணம் கொட்டுபவர்களுக்குத் தேவைப்படாத கைத்திறன்.

இன்னொருவர் உழைப்பைத் திருடுவதில்லையா இது? இதற்கு மேலோட்டமாக அல்லாமல் நீதிமன்றத்திலேயே விடை தேடினார்கள். வெண்கவசச் சிப்பாய்களின் தலைக்கவசத்தை 1976இல் லண்டனையடுத்த ட்விக்கன்ஹாமில் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சில் உறிஞ்சவைத்துச் செய்து கொடுத்தவர் ஆண்ட்ரூ ஏன்ஸ்வொர்த். ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து அவர் தாமே அவற்றைச் செய்து விற்கத் தொடங்க, லூகாஸின் நிறுவனமான லூகாஸ்ஃபிலிம் வழக்குத் தொடுத்தது. கலிபோர்னிய நீதிமன்றம் அவருக்கு எதிராக 2 கோடி டாலர் தீர்ப்பளித்தது. பிரிட்டனில் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2011 ஜூலை 27 அன்று முடிந்தது. அந்தத் தலைக்கவசம் சிற்பமா என்பதே கேள்வி. சிற்பம் என்றால் நீண்டகாலப் பதிப்புரிமை உண்டு. சிற்பம் அல்ல என்றது நீதிமன்றம். கலைப்படைப்பு திரைப்படம்தான், கவசம் அதைச் செய்வதற்கான வழியில் ஒரு பயன்பாட்டுப் பொருள். அமெரிக்கப் பதிப்புரிமையை மீறியதற்கு ஆங்கில நீதிமன்றத்திலேயே கேட்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னதால் ஏன்ஸ்வொர்த்துக்கு முழு வெற்றி இல்லை. மற்ற நாடுகளுக்கு இந்த விதி பொருந்தவும் பொருந்தாது. விற்பதும் தனக்கென்று ஒன்று செய்துகொள்வதும் ஒன்றல்ல என்பதும் நினைவில் இருக்க வேண்டும். ஆனாலும் அரங்கப்பொருள் என்பது ஒரு கருவி, படம் முடிந்ததும் அதன் வேலை முடிந்தது என்ற அந்த நீதிபதிகளின் பார்வை, காயலான் கடையில் அதை வாங்கியவர்களின் பார்வையோடு அச்சாகப் பொருந்துகிறது. அதைக் கலைப்பொருளாகப் பார்த்தவர்கள் வழக்குத் தொடுத்த நிறுவனமும் பின்னால் வந்த ரசிகர்களும்தான்.

முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்தபின் இதிலெல்லாம் என்ன திறமை என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. இயந்திரம் கொடுத்த வடிவத்தைத்தான் அச்சிடும்; வடிவத்தைக் கண்டுபிடிக்கும் வேலை பழையபடியே மனிதக் கண்ணுக்கு. ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையில் 1999இல் வந்த ‘தி ஃபாண்டம் மெனஸ்’ படம் பெரும் பணத்தில் எடுத்தது. அதில் ஜெடாய் வீரர் குவை-கான் பேசும் தொடர்புக் கருவி, பெண்களுக்கான ஜில்லெட் சவரக் கத்தியின் கைப்பிடியை வார்ப்பெடுத்து வண்ணம் அடித்தது. அதைக் கண்டுபிடிக்க அச்சு இயந்திரம் உதவாது. குளியலறையைக் கவனித்தவர் கண் உதவும்.

இந்த வரலாற்றின் சமீபப் பகுதியில் திசையே மாறியிருக்கிறது. 2013இல் ஜெர்மனியின் எஸ்ஸென் நகரில் நடந்த ‘ஸ்டார் வார்ஸ்’ ரசிகர் விழாவில், வீட்டுப் பட்டறைகளில் ஆர்2-டி2 ரோபோ செய்பவர்கள் தங்கள் வேலைகளைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். லூகாஸ்ஃபிலிம் தலைவர் கேத்லீன் கென்னடி பார்க்க வந்தார். அந்தக் குழுவைச் சேர்ந்த பிரிட்டிஷ்காரர் இருவர், 2015இல் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு ஆர்2-டி2 செய்யும் வேலைக்குச் சேர்ந்தார்கள். அதே கதையுலகில் 2019இல் வெளிவந்த ‘தி மாண்டலோரியன்’ தொடரின் முதல் பருவத்தை எடுக்கும்போது ஒரு காட்சிக்கு வெண்கவசங்கள் போதவில்லை. 1997இல் தொடங்கிய ‘501ஆவது படையணி’ என்ற ரசிகர் அமைப்புக்கு அழைப்புப் போயிற்று. தோள் பட்டையின் அளவு வரை சரிபார்த்துத்தான் உறுப்பினர் சேர்க்கும் அமைப்பு அது. அவர்கள் தங்கள் கைக்காசில் செய்துகொண்ட கவசங்களை அணிந்துவந்து கேமராவின் முன் நின்றார்கள். இனி அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து அளவெடுக்க உட்காருபவர் எடுக்கப்போவது, முன்பு யாரோ இப்படி உட்கார்ந்து அளவெடுத்து வீட்டில் செய்த கவசத்தின் அளவை.